தட்டிப் பார்க்க முடியாத எண்

விருத்தாசலத்தில் பீங்கான் வாங்க வருகிறவர்கள் கோப்பையைக் கண்ணால் பார்த்ததோடு விடுவதில்லை. காதில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். கணீரென்றால் நன்றாக வெந்த சரக்கு. சத்தம் மட்டமாக வந்தால் உள்ளே எங்கோ கீறல். கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு டஜன் கோப்பை எடுப்பதற்குள் என் அம்மா ஐம்பதையாவது சுண்டிவிடுவார். சூளை எத்தனை மணி நேரம் எரிந்தது, களிமண் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. பொருளே தன் யோக்கியதையைச் சொல்லிவிடும்.

எண்களிடம் இந்த வித்தை செல்லாது. வங்கியிலிருந்து ஆறு இலக்க ஓடிபி வருகிறது. அது குருட்டாம்போக்கில் வந்ததா, முன்கூட்டியே எங்கோ எழுதி வைத்ததா என்று அந்த ஆறு இலக்கத்தை உற்றுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆறு லட்சம் இலக்கம் கொடுத்தாலும் அதே கதைதான். சுண்டிப் பார்ப்பதற்கு இணையாகப் புள்ளியியல் சோதனைகள் உண்டு. ஒவ்வொரு இலக்கமும் ஏறக்குறைய சமமாக வருகிறதா, ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதில் ஏதேனும் ஒழுங்கு தெரிகிறதா என்று அவை பார்க்கும். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இப்படி 15 சோதனைகள். வட்டத்தின் 'பை' மதிப்பில் தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இத்தகைய சோதனைகளில் அவை தேறிவிடும். ஆனால் 'பை'யின் ஒவ்வோர் இலக்கமும் உலகத்துக்கே தெரிந்தது. அதைக் கடவுச்சொல்லாக வைப்பதும் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதும் ஒன்றுதான்.

நம் பாடப்புத்தகங்கள் இவற்றைச் 'சமவாய்ப்பு எண்' என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டும் போதாது, வரப்போகும் எண் எவருக்கும் முன்னதாகத் தெரிந்திருக்கவும் கூடாது. நேற்று சம வாய்ப்போடு குலுக்கி எழுதிய பட்டியலை எனக்குத் தெரியாமல் ஒருவர் நகலெடுத்து வைத்திருந்தால் இன்று அது எனக்குச் சமவாய்ப்பு, அவருக்கு மனப்பாடம். அதனால் நான் 'தற்செயல் எண்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் மாதா மாதம் குலுக்கல் சீட்டு நடக்கும். இருபது பேர், ஒரு எவர்சில்வர் சொம்பு, மடித்த காகிதத் துண்டுகள். நான்காவது மாதம் சீட்டு பிடிப்பவரின் மச்சானுக்கே சீட்டு விழுந்தது. அன்று எழுந்த சத்தம் இரண்டு வாரம் அடங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சண்டைக்கு விடையே கிடையாது. இருபது பேரில் ஒருவருக்கு விழத்தானே வேண்டும்? மச்சானும் அந்த இருபதில் ஒருவர்தானே? விழுந்த பெயரை வைத்துக் குலுக்கல் நேர்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியில் பெரியவர்கள் தீர்ப்பு வேறு வழியில் போனது. அடுத்த மாதத்திலிருந்து சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் சீட்டைப் போட வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளைதான் எடுக்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டு எண் பிறக்கும் விதத்துக்குக் காவல் போட்டார்கள்.

இந்தத் தீர்ப்புக்கு ஆயிரத்து நூறு வயது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன; ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921. அவை விவரிக்கும் குடவோலை முறை பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது 'சோழர் கால மக்களாட்சி'. அது கொஞ்சம் தாராளமான பட்டம். கால் வேலி நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட பிராமண ஆண்களுக்கான ஏற்பாடு அது. என்னைக் கவர்ந்தது குலுக்கல் நடத்திய விதம். ஊரின் முப்பது குடும்புகளுக்கும், அதாவது வட்டங்களுக்கும், தனித்தனியே ஓலைகளில் பெயர் எழுதிக் கட்டி, கட்டுக்கு மேல் எந்தக் குடும்பு என்று வாயோலை வைத்துக் குடத்தில் இடுகிறார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை கூடியிருக்கிறது. ஊரில் இருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர, அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறொரு வெற்றுக் குடத்தில் போடப்பட்டுக் குலைக்கப்படுகிறது. அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். வாங்கி வாசித்த பிறகு மண்டபத்தில் உள்ள நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும்.

விரலை விரிக்கச் சொன்னது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. விரலிடுக்கில் இன்னோர் ஓலையை ஒளித்து வைத்த யாரோ ஒருவன் அந்த விதிக்கு முன்னால் இருந்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கும் வாக்கு எண்ணிக்கை முடியும் தறுவாயில், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஐந்தும் எவை என்பதை முடிவு செய்வது கணினி அல்ல. வாக்குச்சாவடி எண் எழுதிய வெள்ளைக் காகிதங்களை மடித்து, வேட்பாளர்களும் முகவர்களும் பார்த்திருக்கக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளிச் சேர்க்கைக்குப் பெற்றோர் முன்னிலையில் நடக்கும் குலுக்கலும் இதே வகை. குடம் கண்ணாடி ஜாடியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஒரே பலவீனம், எல்லாரும் ஓரிடத்தில் கூடிப் பார்த்தாக வேண்டும். நொடிக்குப் பல லட்சம் தற்செயல் எண்களை விழுங்கும் வங்கிகளுக்கும் குறியீட்டுப் பூட்டுகளுக்கும் குடத்தைத் தூக்கிக் காட்ட நம்பிமாரை எங்கே தேடுவது? அங்கே எண்ணைத் தருவது மூடிய பெட்டி. பெட்டிக்கு ஒரு நிறுவனம் தரச்சான்று கொடுத்திருக்கும். அந்தச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் எடி டிப்டன் கதை போதும். பல மாநில லாட்டரிச் சங்கத்தில் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் அவர். குலுக்கல் நடத்தும் கணினிக்குள் சில வரிகளைச் சேர்த்துவிட்டார். ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அவரால் கணிக்கக்கூடிய எண்கள் வரும். மற்ற நாளெல்லாம் பெட்டி உத்தமன். எண்களைச் சோதித்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 1 கோடியே 65 லட்சம் டாலர் பரிசு. யார் என்று சொல்லாமல் அதை வாங்கப் பார்த்ததில்தான் மாட்டினார். 2017இல் 25 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை. விழுந்த எண்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, கடையில் சீட்டு வாங்கியபோது கேமராவில் பதிந்த உருவமும் குரலும்தான் காட்டிக்கொடுத்தன.

குவாண்டம் இயற்பியல் இதற்கு ஒரு மாற்று தருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு ஃபோட்டானைப் பாதி ஊடுருவும் கண்ணாடியில் அனுப்பு. நேரே போனால் 0, திரும்பினால் 1. எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதியே இயற்கையில் இல்லை. இந்த வகைப் பெட்டிகள் கடைச்சரக்காகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் முளைத்த கியூநு லேப்ஸ் விற்கிறது. புனேயிலுள்ள டிஆர்டிஓவின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகம் நொடிக்கு 15 கோடி பிட் தரும் கருவியைச் செய்து காட்டியது. 2020இல் சாம்சங் ஒரு கைபேசிக்குள்ளேயே இப்படியொரு சில்லை வைத்தது. எல்லாம் சரி. ஆனால் பெட்டிக்குள் இருப்பது ஃபோட்டான்தானா, அல்லது முன்பே பதிந்து வைத்த பட்டியலா? வாங்கியவருக்குத் தெரியாது. குவாண்டம் என்று மேலே ஒட்டிவிட்டால் டிப்டன் உள்ளே வரமாட்டார் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை.

இங்கே எங்கள் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. திருமுதுகுன்றம் என்பது விருத்தாசலத்தின் பழைய பெயர். சுந்தரர் இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற வழக்கு இந்தக் கதையோடு ஒட்டியதுதான். ஆற்றில் விடுவதற்கு முன்னால் சுந்தரர் ஒரு காரியம் செய்தார்: அந்தப் பொன்னிலிருந்து சிறிது வெட்டி மச்சமாக, அதாவது மாதிரியாக, கையில் எடுத்து வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை மச்சத்தோடு ஒப்பிட்டால் மாற்று, அதாவது பொன்னின் தரம், குறைவு. கடவுளே கொடுத்ததென்றாலும் உரைத்துப் பார்த்தார். அந்தக் கமலாலயக் குளத்தின் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். பொன்னுக்கு மாற்று உண்டு, மச்சம் போதும். எண்ணுக்கு என்ன மாற்று? அதைக் கண்டுபிடித்ததுதான் தற்செயல் எண்ணுக்குச் சான்று தேடும் ஆராய்ச்சியின் சாரம் என்று எனக்குப் படுகிறது. விடை 1964இலேயே இயற்பியலாளர் ஜான் பெல் எழுதிய கட்டுரையில் இருந்தது. பெல் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பெல் கண்டதை ஒரு விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கலாம். அக்காவைக் கம்மாபுரத்திலும் தம்பியை விருத்தாசலத்திலும் தனித்தனி அறையில் உட்காரவைக்கிறோம். இருவரிடமும் போன் கிடையாது. நடுவர் காசு சுண்டிப் பார்த்து இருவருக்கும் தனித்தனியே ஓர் அட்டை தருகிறார். சிவப்பு அல்லது பச்சை. அட்டையைப் பார்த்ததும் இருவரும் 'பூ' என்றோ 'தலை' என்றோ சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் பதில்கள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று வகையிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

திட்டம் என்பது நான்கு பதில்கள்: பச்சை வந்தால் அக்கா என்ன சொல்வாள், சிவப்பு வந்தால் என்ன, தம்பிக்கும் அப்படியே. பச்சை–பச்சையில் ஒத்துப்போக வேண்டும். அதனால் அக்காவின் பச்சைப் பதிலும் தம்பியின் பச்சைப் பதிலும் ஒன்று. அக்காவுக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை என்றாலும் ஒத்துப்போக வேண்டும். அதனால் அக்காவின் சிவப்பும் அதே. தம்பியின் சிவப்பும் அப்படியே அதே. ஆக நான்கு பதிலும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் சிவப்பு–சிவப்பில் மாறுபடுவது எப்படி? முடியாது. எந்தத் திட்டமும் நான்கில் ஒரு வகையில் தோற்றே ஆகும். நூற்றுக்கு 75க்கு மேல் ஜெயிக்க வழியில்லை.

ஆனால் இருவர் கையிலும் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஃபோட்டான்களைக் கொடுத்து, அட்டையின் நிறத்துக்கு ஏற்ற கோணத்தில் அவற்றை அளந்து வருவதையே பதிலாகச் சொல்லச் சொன்னால் நூற்றுக்கு ஏறக்குறைய 85 வரை வெற்றி கிடைக்கும். சோதனைச் சாலைகளில் அந்த 75ஐத் தாண்டிக் காட்டியிருக்கிறார்கள். இயற்பியலாளர்கள் கிளாசர், ஆஸ்பெ, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது இந்த வழியில் நடந்ததற்குத்தான்.

இதிலிருந்து தற்செயல் எண்ணுக்கு எப்படிப் போவது? மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பதில்கள் முன்கூட்டியே எங்காவது எழுதியிருந்தால் 75ஐத் தாண்ட முடியாது. எழுதியது அக்காவா, பெட்டி செய்த கம்பெனியா, டிப்டனா என்பது பொருட்டில்லை. ஆகவே ஒரு ஜோடிப் பெட்டி 75ஐத் தாண்டினால் அதன் பதில்களில் ஒரு பங்காவது அந்த நொடிக்கு முன்னால் எங்கும் இருக்கவில்லை. எவருடைய குறிப்பேட்டிலும் இல்லை, எதிரியின் கணினியிலும் இல்லை. எவ்வளவு தாண்டியது என்பதைக் கொண்டு எத்தனை பிட் உண்மையிலேயே புதியது என்றும் கணக்கிடலாம். மீதியைப் பீங்கான் மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிப்பதுபோல் வடித்துத் தள்ளிவிடலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவே வேண்டாம். மச்சம் தனியே எடுத்து வைக்க வேண்டியதும் இல்லை. உரைத்துப் பார்க்கும் சோதனை எண் பிறப்பதற்குள்ளேயே கலந்திருக்கிறது.

ரோஜர் கோல்பெக் என்ற ஆய்வு மாணவர் 2006 வாக்கில் இந்தத் திருப்பத்தைக் கண்டார். 2010இல் பிரோனியோ குழுவினர் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இட்டெர்பியம் அயனிகளை வைத்து முதன்முதலில் செய்து காட்டினார்கள். ஒரு மாத உழைப்பில் கிடைத்த சான்று பெற்ற எண்ணிக்கை 42 பிட். சிரிப்பு வரத்தான் செய்யும். ஒரு கடவுச்சொல்லுக்குக்கூடப் போதாது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், இரு பக்கமும் ரகசியமாகச் செய்தி பரிமாற ஒளிக்குக்கூட நேரம் இல்லாதபடி, ஓட்டையில்லாச் சோதனை ஒன்று நடந்தது. அதன்பின் நிஸ்ட் 2018இல் 1,024 பிட் வரை கொண்டுவந்தது.

இடைவெளிதான் இங்கே செலவு வைப்பது. இரண்டு நிலையங்கள், நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர், ஃபோட்டான்களைத் தவறவிடாத உணரிகள். இதைத் தாண்ட ஒரு குறுக்குவழியைப் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் காட்டியது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1948இல் தொடங்கிய அதே நிறுவனம்தான். அங்கே ஊர்பசி சின்ஹா, அவரது மாணவர் பிங்கல் பிரத்யூஷ் நாத், தேபாஷிஸ் சாஹா, கொல்கத்தா போஸ் நிறுவனத்தைச் சேர்ந்த திபங்கர் ஹோம் ஆகியோர் பெல்லின் சமனின்மைக்குப் பதில் (மேலே பார்த்த 75 என்ற வரம்பு அதன் ஒரு வடிவம்) லெகெட்–கார்க் சமனின்மையை எடுத்துக்கொண்டார்கள். அதை 1985இல் எழுதியவர்கள் ஆந்தணி லெகெட்டும் இந்திய வம்சாவளியினரான அனுபம் கார்க்கும். இரண்டு இடங்களில் இரண்டு துகள்களைப் பார்ப்பதற்குப் பதில் ஒரே துகளை வெவ்வேறு நேரங்களில் பார்ப்பது இதன் உத்தி. அக்காவுக்கும் தம்பிக்கும் பதிலாக நேற்றைய அக்காவும் இன்றைய அக்காவும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல்: முதல் முறை பார்த்ததே துகளைக் கலைத்துவிட்டால்? அதற்கு அவர்கள் கையாண்ட உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஃபோட்டான் போகக்கூடிய இரண்டு பாதைகளில் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். அப்படியும் ஒரு ஃபோட்டான் மறுமுனைக்கு வந்து சேர்ந்தால் அது மற்ற பாதையில்தான் வந்திருக்க வேண்டும். அதைத் தொடாமலே, அது எங்கே இல்லை என்பதை வைத்து எங்கே இருந்தது என்று அறிந்தாயிற்று. 2022இல் இப்படி ஓட்டைகளை அடைத்துச் சமனின்மை மீறப்படுவதைச் சின்ஹாவின் குழு காட்டியது. 2024இல் அதே வழியில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சான்று பெற்ற பிட்டுகளை, நொடிக்குக் கிட்டத்தட்ட 4,000 என்ற வேகத்தில் எடுத்து 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒரே மேசையில் அடங்கும் சோதனை. பிறகு ஐபிஎம்மின் குவாண்டம் கணினியில் ஒற்றை க்யூபிட்டைக் கொண்டும் இதைச் செய்து பார்த்தார்கள்.

நொடிக்கு 4,000 எங்கே, டிஆர்டிஓ கருவியின் 15 கோடி எங்கே என்று கேட்கலாம். சான்றின் விலை அது. ஆனால் இந்தச் சான்று எதுவரை காக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல் சோதனையில் ஏமாற்றுக்காரனைத் தடுப்பது தூரம். ஒளியின் வேகத்தை லஞ்சம் கொடுத்து மாற்ற முடியாது. ஒரே துகளை நேரம் மாற்றிப் பார்க்கும்போது அந்தத் தூரச் சுவர் இல்லை. முதலில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் அதற்கேற்ப நடிக்கும் பெட்டியை ஒரு கெட்டிக்காரன் செய்ய முடியும். ஆகவே என் கணிப்பில், தேய்ந்துபோகும் உணரியிடமிருந்தும் சத்தம் கலந்த கருவியிடமிருந்தும் இது காக்கும். டிப்டனிடமிருந்து முழுக்கக் காக்குமென்று சொல்ல மாட்டேன். தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ₹6,003.65 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் ஐஐடி மெட்ராசில்தான் அமைகிறது. நாளை அரசு அலுவலகங்கள் பெட்டி வாங்கும்போது, 'குவாண்டம்' என்ற சொல்லுக்கும் 'சான்று' என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அக்கா தம்பி விளையாட்டில் நடுவர் காசு சுண்டினார் அல்லவா? அந்தக் காசு பெட்டிக்காரனுக்கு முன்பே தெரிந்தால் விளையாட்டே போயிற்று. அதாவது, குலுக்கலை நடத்தவே ஒரு குலுக்கல் வேண்டும். சிறிது தற்செயலைப் போட்டுப் பெரிதாக விளைவிக்கலாம், நெல் விதைப்பதுபோல. இந்திய வம்சாவளிக் கணினியியலாளர் உமேஷ் வசிரானியும் தாமஸ் விடிக்கும் 2012இல் அந்த விளைச்சல் மிகப் பெரிதாக இருக்க முடியும் என்று நிறுவினார்கள். ஆனால் விதைநெல்லே இல்லாமல் விவசாயம் இல்லை.

சரி, எண் பிறந்த அறைக்கு வெளியே நிற்கிற நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆய்வகத்துக்காரர் நல்ல எண்ணைப் பெற்றுக்கொண்டு வேறொன்றை வெளியிட்டால்? 2025 ஜூனில் நிஸ்ட்டும் கொலராடோ பல்கலைக்கழகமும் அறிவித்த 'கர்பி' என்ற பொதுச் சேவை இந்த இடத்தில்தான் உத்திரமேரூர்ப் பக்கம் திரும்புகிறது. 110 மீட்டர் இடைவெளியில் நிமிடத்துக்கு ஒன்றரைக் கோடி முறை பெல் சோதனை நடக்கிறது. கச்சாப் பதில்கள் ஓரிடத்தில் பிறக்கும், வேறோரிடத்தில் வடிக்கப்படும், வடிப்பதற்கான விதை மூன்றாவது இடத்திலிருந்து வரும். ஒவ்வொரு படியிலும் தரவின் கைரேகை போன்ற ஒரு குறி மற்றவர்களின் குறிகளோடு சங்கிலியாகப் பின்னப்படுகிறது. பிறகு ஒருவர் மட்டும் தன் ஓலையை மாற்றினால் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். எடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், வாசிப்பவர் எல்லாரும்.

முதல் 40 நாட்களில் 7,454 முறை முயன்றதில் 7,434 முறை 512 பிட் கொண்ட எண் சான்றோடு வந்தது. மீதி 20 முறை, வேண்டிய அளவுக்குச் சோதனை தேறவில்லை என்று கருவியே சொல்லிவிட்டது. சான்று இல்லை, எண்ணும் இல்லை. எங்கள் தெருச் சொம்பு இத்தனை வருஷத்தில் ஒரு மாதம்கூட அப்படிச் சொன்னதில்லை.